ஒரு செயலியில் ஓடி இன்னொன்றில் விழும் கெர்னல்: நினைவகப் பிழைகளைத் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்), ஒரு வரிகூட மாறாமல் ஆர்ம் அல்லது ரிஸ்க்-வி வகைச் செயலி கொண்ட பலகைக்காகத் தொகுக்கப்பட்டதும் விழுந்துவிடுவது, அதாவது பிழையால் நின்றுவிடுவது, இத்துறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் விரைவிலேயே சந்திக்கிற நிகழ்ச்சிதான். மதுரை அண்ணா நகரில் வார இறுதிகளில் கூடும் எங்கள் சிறிய படிப்பு வட்டத்துக்குத் திருப்பரங்குன்றம், மேலூர், விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து பொறியியல் மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் எட்டு ஜிபி நினைவகம் கொண்ட எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) மடிக்கணினி. நடு மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ரிஸ்க்-வி பலகை. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகளும் ரிஸ்க்-வி கட்டமைப்பைச் சேர்ந்தவைதாம் என்பதால், இதைக் கற்றுக்கொள்ள மாணவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. குறையாக இருப்பது, விழுந்த கெர்னலிடமிருந்து சான்றுகளை எந்த வரிசையில் சேகரிப்பது என்கிற முறைதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று. நிரல் ஒரு செயலியில் ஓடுவதால் அது சரியான நிரல் ஆகிவிடாது. அந்தச் செயலி அதன் குறையைப் பொறுத்துக்கொண்டது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். நினைவக மேலாண்மையில் எக்ஸ்86 வன்பொருள் பல வேலைகளைத் தானாகவே செய்துவிடுகிறது. அதே வேலைகளை ஆர்மும் ரிஸ்க்-வியும் கெர்னலிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே "பலகையில் என்ன கோளாறு?" என்று கேட்பதைவிட, "மடிக்கணினி எதை எனக்காகச் செய்துகொண்டிருந்தது?" என்று கேட்பதே விரைவில் விடைக்குக் கொண்டு சேர்க்கும்.

தொடங்குமுன்

முதலில் வன்பொருள் கோளாறை விலக்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மதுரை வெயிலில் மின்விசிறி இல்லாத பலகை கொதித்துக்கொண்டிருக்கும். தரமற்ற சார்ஜரைக் கொடுத்தால் மின்னழுத்தமும் தடுமாறும். இவ்விரண்டும் நினைவகத்தில் பிட்டுகளைப் புரட்டக்கூடியவை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரியில், வேறு வேறு செயலில் கெர்னல் விழுந்தால் வன்பொருளைச் சந்தேகியுங்கள். ஒரே கட்டளையில் மீண்டும் மீண்டும் விழுந்தால் பெரும்பாலும் அது மென்பொருள்தான். லினக்ஸில் மெம்டெஸ்ட் வசதியைச் சேர்த்துத் தொகுத்து, துவக்க வரியில் (தொடக்கத்தில் கெர்னலுக்குக் கொடுக்கும் விருப்பங்களின் வரி) மெம்டெஸ்ட்=4 என்று கொடுத்தால், துவக்கத்திலேயே கெர்னல் காலி நினைவகத்தை எழுதிப் படித்துச் சரிபார்க்கும்.

இரண்டாவது, பலகையின் செய்திகளை மடிக்கணினிக்குக் கொண்டுவரும் சீரியல் இணைப்பு. கெர்னல் விழும்போது திரையை நம்ப முடியாது. யூஎஸ்பி-டிடிஎல் கம்பி ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் மின்னழுத்தம் பலகைக்கு ஏற்றதா, பெரும்பாலான பலகைகளைப் போல 3.3 வோல்ட்டா, என்று பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் கம்பியைச் செருகினால் பலகையே போய்விடக்கூடும். கெர்னல் மிகத் தொடக்கத்திலேயே விழுகிறதென்றால், துவக்க வரியில் எர்லிகான் என்னும் தொடக்கநிலைச் செய்தி விருப்பத்தைச் சேர்க்காமல் எந்தச் செய்தியும் கிடைக்காது.

மூன்றாவது, இன்னொரு கணினியை மென்பொருளாகவே போலச் செய்யும் க்யூஎமு. அதைச் சிறிய எஸ், பெரிய எஸ் என்னும் இரு விருப்பங்களுடன் தொடங்கினால், முதல் கட்டளையிலேயே நின்று 1234-ஆம் போர்ட்டில் ஜிடிபி என்னும் பிழைகாணிக்காகக் காத்திருக்கும். துவக்க வரியில் நோகேஏஎஸ்எல்ஆர் சேர்த்து, கெர்னல் ஏறும் முகவரியைத் துவக்கந்தோறும் மாற்றும் முகவரிக் குலுக்கலை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் குறியீட்டுப் பெயர்களும் முகவரிகளும் பொருந்தாமல் நாள் முழுக்கப் போகும். ஆனால் க்யூஎமுவின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும்: அது செயலிக்குள் உள்ள விரைவு நினைவகமான கேஷ்களைப் போலச் செய்து காட்டுவதில்லை. கேஷ் தொடர்பான பிழை எதுவும் அதில் தலைகாட்டாது.

விழுந்த இடத்தைப் படித்தல்

கெர்னல் விழும்போது அச்சாகும் செய்தியில், எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்பு அடுக்குக்குப் புதியவர்கள் நேராகத் தாவிவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: எந்த முகவரியைத் தொட்டபோது விழுந்தது, ஏன் தொட முடியாது என்று செயலி சொல்கிறது. இவ்விரண்டையும் ஒவ்வொரு கட்டமைப்பும் தனக்கென உள்ள ரெஜிஸ்டர்களில், அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களில், வைக்கிறது.

நினைவகம் பக்கம் எனப்படும் துண்டுகளாக ஆளப்படுகிறது; நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி எந்த இயற்பியல் பக்கத்தைக் குறிக்கிறது என்பதைப் பக்க அட்டவணை சொல்கிறது. எக்ஸ்86-இல் முகவரி சிஆர்2-இல் இருக்கும். காரணம் பிழை எண்ணில் இருக்கும். அந்த எண்ணின் 0-ஆம் பிட், பக்கம் இருந்தும் அனுமதி இல்லையா அல்லது பக்கமே இல்லையா என்பதையும், 1-ஆம் பிட் எழுத்தா வாசிப்பா என்பதையும், 2-ஆம் பிட் பயனர் நிலையா கெர்னல் நிலையா என்பதையும் சொல்லும். 3-ஆம் பிட் ஏறியிருந்தால் (1 ஆக இருந்தால்), பக்க அட்டவணைப் பதிவில் ஒதுக்கப்பட்ட பிட் ஒன்றை யாரோ எழுதிவிட்டார்கள் என்று பொருள். அப்போது அட்டவணையே சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்ம்64-இல் முகவரி எஃப்ஏஆர் ரெஜிஸ்டரிலும் காரணம் ஈஎஸ்ஆர் ரெஜிஸ்டரிலும் வரும். லினக்ஸ் அந்தக் காரணத்தைப் பிரித்து, எந்த நிலை அட்டவணையில் மொழிபெயர்ப்பு நின்றது என்பதையும் அச்சிட்டுவிடும்: 4 முதல் 7 வரையிலான எண்கள் பக்கம் இல்லாமையையும், 9 முதல் 11 வரை அணுகல் கொடி ஏறாமையையும், 13 முதல் 15 வரை அனுமதி மறுப்பையும் குறிக்கும். ரிஸ்க்-வியில் முகவரி எஸ்டிவால் ரெஜிஸ்டரிலும் காரணம் எஸ்காஸ் ரெஜிஸ்டரிலும் இருக்கும். 12 என்றால் கட்டளையை எடுக்கும்போது, 13 என்றால் வாசிக்கும்போது, 15 என்றால் எழுதும்போது பேஜ் ஃபால்ட், அதாவது பக்கத்தைத் தொட முடியாத பிழை.

முகவரியின் உருவமே பல நேரங்களில் பாதி விடையைச் சொல்லிவிடும். பூச்சியத்துக்கு மிக அருகில் இருந்தால் வெற்றுச் சுட்டி. 6பி என்ற பைட் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால், விடுவிக்கப்பட்ட பொருளை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள். கெர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லப்பின் பிழைகாணல் வசதி, விடுவித்த இடத்தை அந்த எண்ணால்தான் நிரப்புகிறது. இங்கும் கட்டமைப்பு வேறுபாடு உண்டு. அந்த முகவரி எக்ஸ்86-64-இன் செல்லுபடியாகும் வரம்புக்கு வெளியே கிடப்பதால், அங்கே பேஜ் ஃபால்ட் வராது. பொதுப் பாதுகாப்புப் பிழை வரும், சிஆர்2-இல் பழைய மதிப்பே கிடக்கும். அதைப் படித்துவிட்டுத் தவறான முகவரியைத் துரத்துகிறவர்கள் பலர். அதே சுட்டி ஆர்ம்64-இல் விழுந்தால், பயனர் பகுதிக்கும் கெர்னல் பகுதிக்கும் இடைப்பட்ட முகவரி என்று லினக்ஸ் தெளிவாகவே எழுதும்.

கட்டளை இருந்த மூலநிரல் வரியைக் கண்டுபிடிக்க, கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள எஃப்அட்ரு2லைன், டிகோட்_ஸ்டாக்டிரேஸ் இரண்டும் போதும்.

அட்டவணையைக் கையால் நடந்து பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கருவிகள் எத்தனை வந்தாலும், ஒரு முறையாவது மெய்நிகர் முகவரி ஒன்றைக் காகிதத்தில் பிரித்து, ஒவ்வொரு அட்டவணையாகப் போய், இயற்பியல் முகவரி வரை வந்து சேர்ந்தவருக்கு மட்டுமே மற்றப் பிழைகள் புரியத் தொடங்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெளி வீதியிலிருந்து மாசி வீதி, அங்கிருந்து ஆவணி மூல வீதி, பிறகு சித்திரை வீதி என்று ஒவ்வொன்றாகக் கடந்து கோயிலை அடைவதுபோல, 48 பிட் முகவரி கொண்ட எக்ஸ்86-64 செயலி நான்கு அட்டவணைகளைக் கடந்து பக்கத்தை அடைகிறது. ஒவ்வொரு நிலையிலும் எந்தப் பதிவைப் பார்ப்பது என்பதை முகவரியின் 9 பிட்டுகள் தீர்மானிக்கின்றன. மிஞ்சும் 12 பிட்டுகள் பக்கத்துக்குள் இருக்கும் இடம். 57 பிட் முகவரியில் ஐந்து நிலைகள். ரிஸ்க்-வியின் எஸ்வி39 முறையில் மூன்று. பெரிய பக்கங்கள் இருந்தால் நடை பாதியிலேயே முடிந்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

எஸ்வி39-இல் ஓர் உதாரணம். எஸ்டிவால் காட்டிய முகவரி பதினறும (ஹெக்ஸ்) எண்ணில் 80605018 என்று வைத்துக்கொள்வோம். மேல் 9 பிட்டுகளின் மதிப்பு 2, அடுத்த 9 பிட்டுகள் 3, அதற்கடுத்த 9 பிட்டுகள் 5, பக்கத்துக்குள் தொலைவு பதின்ம எண்ணில் 24. எஸ்ஏடிபி ரெஜிஸ்டரின் கீழ் 44 பிட்டுகள் முதல் அட்டவணையின் பக்க எண்ணைத் தரும். மேல் 4 பிட்டுகளில் 8 இருந்தால் எஸ்வி39 இயங்குகிறது என்று பொருள். ஒவ்வொரு பதிவும் 8 பைட் என்பதால், முதல் அட்டவணையில் 16-ஆம் பைட்டிலும், அடுத்ததில் 24-ஆம் பைட்டிலும், கடைசியில் 40-ஆம் பைட்டிலும் உள்ள 8 பைட்டுகளைப் படியுங்கள். எக்ஸ்86-லிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது: எக்ஸ்86 பதிவில் கீழ் 12 பிட்டுகளையும் உச்சியில் உள்ள கொடி பிட்டுகளையும் மறைத்துவிட்டால் முகவரி நேராகக் கிடைக்கும். ரிஸ்க்-வியில் பக்க எண் 10-ஆம் பிட்டில் தொடங்குகிறது. எனவே பதிவை 10 பிட் வலப்புறம் நகர்த்தி, மேலே உள்ள ஒதுக்கீட்டு பிட்டுகளை நீக்கி, பிறகு 12 பிட் இடப்புறம் நகர்த்த வேண்டும்.

எங்கள் வட்டத்தில் மாணவர் ஒருவரின் சிறு கெர்னலில் இந்த நடைதான் விடையைத் தந்தது. க்யூஎமுவில் அது எல்லாச் சோதனைகளையும் கடந்தது. பலகையிலோ, குவியல் (ஹீப்) நினைவகத்துக்கு ஒதுக்கிய பக்கத்தில் முதல் முறை எழுதியவுடனே எஸ்காஸ் 15 என்று நின்றது. பக்கம் அட்டவணையில் ஏறவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் சீரியல் வழியே பதிவை அச்சிட்டுப் பார்த்தபோது, பக்கம் இருந்தது, இயற்பியல் முகவரியும் சரியாக இருந்தது, எழுதும் அனுமதியும் இருந்தது. கடைசி 8 பிட்டுகள் இப்படி இருந்தன: 00000111. வலப்புறத்திலிருந்து எண்ணினால் முதல் மூன்றும் செல்லுபடி, வாசிப்பு, எழுத்து. இடப்புற ஓரத்தில் உள்ள இரண்டு பிட்டுகள், அதாவது 7-ஆவதும் 6-ஆவதும், பூச்சியம். அவை பக்கம் எழுதப்பட்டது, பக்கம் அணுகப்பட்டது என்பதைக் குறிக்கும் டி, ஏ பிட்டுகள்.

எக்ஸ்86 செயலி இந்த இரண்டு பிட்டுகளையும் தானே ஏற்றிவிடும். ரிஸ்க்-வி வரையறையோ இரண்டு நடத்தைகளை அனுமதிக்கிறது: வன்பொருளே ஏற்றலாம், அல்லது பேஜ் ஃபால்ட் எழுப்பி அந்த வேலையைக் கெர்னலிடம் விடலாம். க்யூஎமு முதல் வகையாக நடந்துகொண்டது. பலகையில் இருந்த செயலி இரண்டாம் வகை. கெர்னலின் கட்டளைப் பகுதி மட்டும் ஏன் விழாமல் ஓடியது என்றால், அதை அசெம்பிளியில் எழுதிய துவக்க நிரல் எல்லா பிட்டுகளையும் ஏற்றிப் பெரிய பக்கமாக அமைத்திருந்தது. சி மொழியில் எழுதிய பொதுச் செயற்கூறுதான் அவற்றை விட்டுவிட்டது. கெர்னலுக்கான பக்கங்களை அமைக்கும்போதே பதிவை 11000111 என்று எழுதியதும் பலகை ஓடத் தொடங்கியது. லினக்ஸும் தன் கெர்னல் பக்கங்களை இவ்விரு பிட்டுகளையும் ஏற்றியே அமைக்கிறது. பயனர் பக்கங்களுக்கு இது போதாது. எந்தப் பக்கம் பயன்பாட்டில் இருக்கிறது என்று அறிய அந்த பிட்டுகள் தேவைப்படுவதால், ஃபால்ட் கையாளும் நிரல்தான் அவற்றை ஏற்ற வேண்டும். அண்மைக் க்யூஎமு பதிப்புகளில் ஸ்வாடூ என்னும் நீட்டிப்பை அணைத்து, பலகையின் கண்டிப்பை மடிக்கணினியிலேயே வரவழைக்க முடியும்.

பதிவில் எல்லாம் சரியாக இருந்தும் கெர்னல் விழுகிற இன்னொரு வகையும் உண்டு. பயனர் பக்கத்தைக் கெர்னல் நேராகத் தொடுவதை எக்ஸ்86-இல் ஸ்மாப், ஆர்ம்64-இல் பான், ரிஸ்க்-வியில் ஏறாத சம் பிட் ஆகியவை தடுக்கின்றன. இந்தத் தடை இல்லாத பழைய மடிக்கணினியில், பயனர் சுட்டியை நேராகப் படிக்கும் தவறான நிரல்கூட ஓடிவிடும். பயனர் தரவை அதற்கென உள்ள நகலெடுப்புச் செயற்கூறுகள் வழியே மட்டும் தொடுங்கள்.

அட்டவணை சரி, செயலி பார்ப்பது பழையது

கையால் நடந்து பார்த்தும் தவறு எதுவும் தெரியவில்லை என்றால், அடுத்த சந்தேகம் டிஎல்பி. செயலி ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் படிப்பதில்லை. முன்பு படித்த விடையை டிஎல்பியில் வைத்திருக்கிறது. அந்த விடை எப்போது பழையதாகலாம் என்பதில்தான் மூன்று கட்டமைப்புகளும் மூன்று விதமான உடன்பாடு செய்துகொள்கின்றன.

இல்லாத பக்கத்தைப் புதிதாக ஏற்றும்போது, எக்ஸ்86-இல் டிஎல்பியைத் துடைக்கத் தேவையில்லை. இல்லாத பதிவுகளை அது சேமிப்பதில்லை. ஆர்ம்64-உம் சேமிப்பதில்லை, ஆனால் எழுதிய பதிவு அட்டவணை நடைக்குத் தெரிய வேண்டுமென்றால் டிஎஸ்பி, ஐஎஸ்பி தடுப்புக் கட்டளைகள் வேண்டும். ரிஸ்க்-வியில் செல்லாத பதிவையும் சேமித்து வைக்க வன்பொருளுக்கு உரிமை உண்டு. எனவே எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ கட்டளை இல்லாவிட்டால், சற்றுமுன் ஏற்றிய பக்கத்திலேயே ஃபால்ட் வரலாம். இத்தகைய ஃபால்ட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு: கையாளும் நிரலுக்குள் அட்டவணையை நடந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், அதே கட்டளையை மீண்டும் ஓட்டினால் சில வேளை தடையின்றி ஓடிவிடும்.

இருக்கும் பதிவை மாற்றும்போது ஆர்ம்64 கூடுதல் கண்டிப்பு காட்டுகிறது. பக்கத்தின் இயற்பியல் முகவரியையோ அளவையோ மாற்றுவதென்றால், பொதுவாக முதலில் பதிவைச் செல்லாததாக்கி, டிஎல்பியைத் துடைத்து, பிறகே புதிய பதிவை எழுத வேண்டும். இதை மீறினால் டிஎல்பி முரண் என்ற பிழை வரலாம். அதைவிட மோசமாக, எந்தப் பிழையும் வராமல் தவறான நினைவகம் படிக்கப்படலாம்.

செயலியின் பல கருக்கள் (கோர்கள்) ஓடும்போது இன்னொரு வேறுபாடு சேர்கிறது. ஆர்ம்64-இல் துடைப்புக் கட்டளையின் ஒரு வகை, எல்லாக் கருக்களுக்கும் வன்பொருள் வழியாகவே சென்று சேரும். ரிஸ்க்-வியின் எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ அது ஓடும் கருவை மட்டுமே துடைக்கும். மற்றவற்றுக்குக் கெர்னல் செய்தி அனுப்பியாக வேண்டும். அதனால் முதலில் மேக்ஸ்சிபியூஸ்=1 என்று கொடுத்து ஒரே கருவில் ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்தால், தொலைக்கருத் துடைப்பு விடுபட்டதா, வரிசைத் தடுப்பு விடுபட்டதா என்று தேடும் எல்லை சுருங்கும். சந்தேகப்படும் இடத்தில் முழுத் துடைப்பைச் சேர்த்துப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் அதனால் பிழை மறைவதைத் தீர்வாக எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. துடைப்புக்கு ஆகும் நேரமே பிழையை ஒளித்துவைத்திருக்கலாம். எந்தப் பதிவு, எந்தக் கருவில், ஏன் பழையதாக இருந்தது என்று சொல்ல முடிகிறவரை தேடல் முடியவில்லை.

கேஷ், வரிசை, பக்க அளவு

தரவு மட்டும் பழையதாக இருந்து, ஃபால்ட் எதுவும் வராவிட்டால், சாதனங்கள் செயலி வழியே வராமல் நினைவகத்தை நேராகத் தொடும் டிஎம்ஏவைப் பாருங்கள். எக்ஸ்86 கணினிகளில் சாதனங்களின் டிஎம்ஏவும் செயலியின் கேஷும் பொதுவாக ஒத்திசைந்தே இருக்கும்; பல ஆர்ம் பலகைகளில் அப்படி இல்லை. கெட்டுப்போன தரவு 64 பைட் போன்ற கேஷ் வரி அளவுகளில் துண்டு துண்டாகக் கெட்டிருந்தால், ஒத்திசைவுக்கான டிஎம்ஏ செயற்கூறு ஒன்று விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிஎம்ஏ ஏபிஐ பிழைகாணல் வசதியை இயக்கினால், அத்தகைய தவறுகள் பலவற்றை எக்ஸ்86 மடிக்கணினியிலேயே பிடித்துவிடலாம். நினைவகத்தில் எழுதிய நிரலை ஓட்டுவதற்கு முன், ஆர்ம்64-இல் தரவு கேஷையும் கட்டளை கேஷையும் ஒத்திசைக்க வேண்டும், ரிஸ்க்-வியில் ஃபென்ஸ்.ஐ வேண்டும்.

எழுத்துகளின் வரிசையைப் பொறுத்தவரை எக்ஸ்86 மிகவும் கட்டுப்பாடானது. மற்ற இரண்டும் தளர்வானவை. கொடியை ஏற்றிய பிறகும் மற்றக் கருவுக்குத் தரவு பழையதாகத் தெரிந்தால், எழுத்து, வாசிப்பு வரிசையைக் காக்கும் ஸ்டோர் ரிலீஸ், லோடு அக்வயர் இணையை நாடுங்கள்.

பக்க அளவு 4096 என்று நிரலில் நேராக எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆர்ம்64-இல் 4, 16, 64 கேபி என மூன்று அளவுகள் உண்டு. ராஸ்ப்பெர்ரி பை 5-க்கான இயல்பு கெர்னலே 16 கேபி பக்கங்களைப் பயன்படுத்துகிறது. 4096-ஐயும் 12-ஐயும் மூலநிரலில் தேடுவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதற்குப் பலன் நிச்சயம் உண்டு.

கெர்னலையே சாட்சி சொல்ல வைத்தல்

லினக்ஸில் வேலை செய்கிறவர்கள் சில விருப்பங்களை இயக்கிவிட்டே தொடங்குவது நல்லது. டீபக் விஎம் பிஜிடேபிள், ஒரு கட்டமைப்பின் பக்க அட்டவணைச் செயற்கூறுகள் எதிர்பார்த்தபடி நடக்கின்றனவா என்று துவக்கத்திலேயே சோதிக்கும். புதிய கட்டமைப்புக்குக் கெர்னலைக் கொண்டுபோகிறவர்களுக்கு இதைவிட உதவியானது வேறில்லை என்பது என் கருத்து. டீபக் விர்ச்சுவல், நேரடி வரைபடத்தில் (இயற்பியல் நினைவகத்தைக் கெர்னல் அப்படியே ஏற்றிவைத்திருக்கும் பகுதி) இல்லாத முகவரியை இயற்பியல் முகவரியாக மாற்ற முயன்றால் எச்சரிக்கும். பிடிடம்ப் வசதி, கெர்னலின் முழு அட்டவணையையும் டீபக்எஃப்எஸ் என்னும் பிழைகாணல் கோப்பு அமைப்பில் ஒரு கோப்பாகக் காட்டும். எழுதவும் இயக்கவும் ஒருசேர அனுமதி உள்ள பகுதி ஏதும் இருந்தால் அதில் உடனே கண்ணில் படும்.

கேசான் தனியே சொல்லத் தக்கது. எல்லை மீறிய அணுகலையும் விடுவித்தபின் அணுகலையும் நிகழ்ந்த கணத்திலேயே பிடித்து, யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார் என்பதையும் சேர்த்துக் காட்டும். அதன் பொது வகை ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைப்பதால், நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், வேகமும் வெகுவாகக் குறையும். சிறிய பலகையில் அது தாங்காவிட்டால், 2021-இல் 5.12 பதிப்பில் சேர்ந்த கேஃபென்ஸை இயக்குங்கள். அது எல்லா அணுகலையும் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துத்தான் பார்க்கும். ஆனால் நாள் முழுக்க ஓட விடலாம்.

எப்போது உடைந்தது என்று தெரியாத பிழைக்கு, பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழை நுழைந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கிட் பைசெக்ட் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மறுதொகுப்பு தேவை என்பதால், வேண்டாத இயக்கிகளை நீக்கிய சிறு கட்டமைவுக் கோப்பைத் தயார் செய்துகொண்டு, க்யூஎமுவில் துவக்கி முடிவைச் சொல்லும் சிறு ஸ்கிரிப்ட்டைப் பைசெக்ட் ரன்னிடம் கொடுத்துவிடுங்கள். கோடையில் மின்தடை வந்தாலும் பைசெக்ட் தன் நிலையைக் கிட் அடைவிலேயே வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காரணம் தெரிந்து திருத்தமும் எழுதியான பிறகு, யாரிடம் அனுப்புவது என்பதைக் கெட்_மெயின்டெயினர் ஸ்கிரிப்ட் சொல்லும். அறிக்கையில் செயலியின் பெயர், கெர்னல் பதிப்பு, கட்டமைவுக் கோப்பு, ஃபால்ட் முகவரி, காரண எண், அந்தக் கணத்தில் பக்க அட்டவணைப் பதிவு எப்படி இருந்தது என்பன எல்லாம் இருக்க வேண்டும். எந்தக் கட்டமைப்பின் எந்த விதியை நிரல் மீறியது என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள். திருத்தத்தைப் படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். அனுப்புமுன் ஒரு கருவிலும் பல கருக்களிலும், கண்டிப்பான அமைப்பிலும் தளர்வான அமைப்பிலும், முன்பு ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்86-இலும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பிழையை வரவழைத்த சிறு சோதனை நிரலையும் திருத்தத்துடன் சேர்த்தே அனுப்புங்கள்.